களிமண்ணும் கொழுப்பு அமிலமும்: பிறையிலிருந்து சில கேள்வி பதில்கள்

பினாங்கு, பிறையில் ஒரு கொழுப்பு அமில ஆலையின் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். இப்போது பட்டர்வொர்த்தில் மாலை வேளையில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பு அமிலத்தை வெறும் களிமண்ணை வைத்து வேறு பொருளாக மாற்றலாம் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன். அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகள் கேட்டது, பெற்றோர் கேட்டது, கூட வேலை பார்த்த நண்பர்கள் கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

களிமண் என்றால் பானை செய்கிற மண்ணா, சார்?

பானை மண்ணில் பல தாதுக்கள் கலந்து கிடக்கும். நமக்கு வேண்டியது அவற்றில் ஒரு வகை, மாண்ட்மோரிலோனைட். அது நிறைய இருக்கும் மண்ணை பெண்டோனைட் என்று விற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் கால் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும், நடந்தால் செருப்பை விடாது. அப்படி உப்புவதும் சுருங்குவதும் இந்தத் தாதுக் குடும்பத்தின் குணம். ஊரில் இருந்தவரை என் பாட்டி கரம்பை மண் தேய்த்துத்தான் தலைக்குக் குளிப்பாராம். தலையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை அந்த மண் இழுத்துக்கொள்ளும். எண்ணெய்க்கும் களிமண்ணுக்கும் உள்ள உறவு நம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்திருக்கிறது.

பீங்கான் செய்யும் வெள்ளை மண்ணும் களிமண்தான். ஆனால் அது உப்பாது, இந்த வேலைக்கு அவ்வளவாக ஆகாது.

கொழுப்பு அமிலம் எங்கிருந்து வருகிறது?

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் கிளிசரின் என்ற ஒரு தண்டில் மூன்று நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் 50 பார் அழுத்தத்திலும் தண்ணீரோடு சேர்த்தால், சங்கிலிகள் தண்டிலிருந்து கழன்றுவிடும். உயரமான கோபுரம் ஒன்றில் எண்ணெய் கீழிருந்தும் தண்ணீர் மேலிருந்தும் வந்து எதிரெதிராகக் கடக்கும். கொழுப்பு அமிலம் மேலே வரும், கிளிசரின் கலந்த தண்ணீர் கீழே இறங்கும்.

செம்பனை எண்ணெயின் அமிலங்களில் 100க்கு 44 பங்கு பால்மிடிக் அமிலம், 40 பங்கு ஒலீக் அமிலம், 10 பங்கு லினோலெயிக் அமிலம், மீதியில் பெரும்பகுதி ஸ்டியரிக் அமிலம் என்று தோராயமாகச் சொல்லலாம். பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும் இரட்டைப் பிணைப்பே இல்லாத நேரான சங்கிலிகள். ஒலீக்கில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு, லினோலெயிக்கில் இரண்டு. கீழே வரும் கதை பெரும்பாலும் அந்த இரட்டைப் பிணைப்பைப் பற்றியதுதான்.

மண்ணுக்கு அந்தச் சக்தி எப்படி வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓர் அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாண்ட்மோரிலோனைட்டும் அப்படித்தான், மெல்லிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அதற்குள்ளேயே மூன்று அடுக்குகள்: மேலும் கீழும் சிலிக்கா, நடுவில் அலுமினா. நடு அடுக்கில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் வந்து உட்கார்ந்திருக்கும். அலுமினியத்துக்கு 3 நேர்மின் பங்கு, மக்னீசியத்துக்கு 2 தான். அந்த ஒன்று குறைவதால் தகடு முழுவதும் எதிர்மின் தன்மை தங்கிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட சோடியமும் கால்சியமும் தகடுகளுக்கு நடுவில் வந்து நிற்கும். அப்பளம் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் மாவு தூவுவோமே, அதைப் போல. இந்த அயனிகளைத் தேடித் தண்ணீர் உள்ளே போகும்போது தகடுகள் விலகும். கரிசல் மண் உப்புவது அதனால்தான்.

இந்த மண்ணைச் சூடான சல்ஃபியூரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ ஊறவைத்தால் இரண்டு காரியம் நடக்கும். சோடியமும் கால்சியமும் வெளியேற, அந்த இடத்தில் அமிலத்தின் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி, வந்து நிற்கும். கூடவே தகட்டின் ஓரங்களிலிருந்து மக்னீசியம், இரும்பு, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். அங்கெல்லாம் நுண்ணிய துளைகள் உண்டாகும். கடைசியில் ஒரு கிராம் மண்ணின் பரப்பு 200 முதல் 300 சதுர மீட்டர் வரை போய்விடும். பூப்பந்து இரட்டையர் திடல் ஒன்று 82 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று திடல்! அந்தத் திடலெங்கும் புரோட்டான்கள் காத்திருக்கின்றன. அமிலம் வேலை செய்கிறது, ஆனால் அது திரவமாக ஓடவில்லை, மண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அளவு மீறினால் கெட்டுப்போகும். அதிக நேரம் அமிலத்தில் ஊறினால் நடு அடுக்கே கரைந்து வெறும் சிலிக்காதான் மிஞ்சும். மாவு புளித்தால்தான் இட்லி, ரொம்பப் புளித்தால் குப்பை.

அண்ணே, இது நம்ம பிளீச்சிங் எர்த் தானே?

ஆமாம், அதேதான். பழைய நண்பர் ஒருவர் போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அமிலம் ஏற்றிய இந்த மண்ணைத்தான் நிறம் எடுக்கப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் எடைக்கு 100க்கு ஒன்றோ இரண்டோ பங்கு போட்டு, வெற்றிடத்தில், 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் அரை மணி நேரம் கலக்குவார்கள். நிறமி, உலோகத் துணுக்கு, ஆக்சிஜன் பட்டுக் கெட்ட பொருட்கள் எல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் எல்லாருமே அதை அழுக்கு எடுக்கும் மண்ணாகத்தான் பார்த்தோம். மூட்டை மூட்டையாக வரும், வடிகட்டியில் படிந்த கட்டியாக, நாங்கள் கேக் என்று சொல்வோம், வெளியே போகும். அதே மண்ணை 240 டிகிரிக்குச் சூடாக்கிக் கொழுப்பு அமிலத்தோடு விட்டால், அழுக்கை உறிஞ்சுவதோடு நிற்காமல் அமிலத்தையே மாற்றிவிடும். கச்சா எண்ணெயை உடைத்து பெட்ரோல் எடுக்க 1930களில் யூஜீன் ஹூட்ரி கொண்டுவந்த முறையிலும் முதலில் பயன்பட்டது அமிலம் ஏற்றிய களிமண்தான். 1937இல் அமெரிக்காவின் மார்கஸ் ஹூக்கில் பெரிய ஆலையே ஓடியது. பெட்ரோலியத்தில் ஜியோலைட்டுகள் என்ற நுண்துளைத் தாதுக்கள் பிறகு அந்த இடத்தைப் பிடித்தன. கொழுப்பு அமிலத்தில் களிமண் இன்னும் தன் இடத்தை விடவில்லை.

சரி, இதில் என்னதான் செய்வார்கள்?

முதலில் சொல்ல வேண்டியது டைமர் அமிலம். 18 கார்பன் உள்ள இரண்டு சங்கிலிகளை ஒட்டி 36 கார்பன் உள்ள ஒரே மூலக்கூறு ஆக்குவது.

ஒலீக் அமிலத்தில் எடைக்கு 100க்கு 4 பங்கு களிமண், கொஞ்சம் தண்ணீர், லித்தியம் உப்பு சிறிதளவு. மூடிய கலத்தில் 230 முதல் 250 டிகிரி வரை சூடாக்கி மூன்று நான்கு மணி நேரம் கலக்க வேண்டும். மண்ணில் இருக்கும் புரோட்டான் இரட்டைப் பிணைப்பில் போய் ஏறும். அந்தக் கார்பன் நேர்மின் தன்மை பெற்று நிலைகொள்ளாமல் தவிக்கும். பக்கத்தில் இன்னொரு சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு புரோட்டான் கழன்று மண்ணுக்கே திரும்பும். இணைந்த சங்கிலிகள் சில இடங்களில் வளையமாகவும் மூடிக்கொள்ளும். அதனால் டைமர் அமிலம் என்பது ஒரே பொருளல்ல, பல அமைப்புகள் கலந்த கலவை.

எல்லாம் டைமராகிவிடாது. ஏறத்தாழ 60 பங்கு ஒட்டிக்கொள்ளும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு, மூன்று சங்கிலி ஒட்டிய டிரைமர். மீதி 40 பங்கு ஒற்றைச் சங்கிலியாகவே நின்றுவிடும். மண்ணை வடிகட்டி எடுத்த பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் ஒற்றைச் சங்கிலி ஆவியாகிப் போகும், டைமர் அடியில் தங்கும். மாதிரிக் குப்பியைச் சாய்த்தால் தேன் போல, அவசரமே இல்லாமல் இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

அதனால் யாருக்கு என்ன பயன்?

டைமர் அமிலத்துக்கு இரண்டு முனையிலும் அமிலக் கை உண்டு. அமீன் என்ற வகைப் பொருளோடு சேர்த்தால் கைகோத்து நீளமான பாலிஅமைடு ஆகும். சூடாக்கினால் உருகி, ஆறினால் பிடிக்கும் பசை அது. காலணி ஒட்டவும் பயன்படும், பிளாஸ்டிக் உறைகளில் அச்சடிக்கும் மையிலும் இருக்கும். எஃகுக்கும் கப்பலுக்கும் அடிக்கும் எபாக்ஸி பெயிண்ட் இரண்டு டின்னாக வருமே, அதில் கெட்டியாக்கும் டின்னில் பல நேரம் இருப்பது டைமர் அமிலத்திலிருந்து செய்த பாலிஅமைடுதான். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்திலும் இது சேர்கிறது.

என் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்தவர். குலை லோரியில் ஏறிப் போவதோடு அவர் பார்வையில் அதன் பயணம் முடிந்துவிடும். சமையல் எண்ணெய், சவர்க்காரம் என்பதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. எண்ணெயிலிருந்து கப்பல் பெயிண்ட் வரை போகலாம் என்று நான் விளக்கியபோது, கையில் இருந்த தேநீர் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய அந்த 40 பங்கைக் கொட்டிவிடுவார்களா?

ஐயோ, கொட்டவே மாட்டார்கள். டைமரைவிட அருமையான சங்கதி அதில்தான் இருக்கிறது என்பேன்.

ஒட்டாமல் நின்ற சங்கிலிகளில் பல, களிமண்ணில் பட்டபோது உருமாறியிருக்கும். நேராக இருந்த சங்கிலியில் ஒரு சிறு கிளை முளைத்திருக்கும். அதற்கு ஹைட்ரஜன் ஏற்றி, நேராகவே இருந்துவிட்டதைக் குளிரவைத்துப் பிரித்தால் கிடைப்பது ஐசோஸ்டியரிக் அமிலம்.

எங்கள் ஆய்வக அலமாரியில் இரண்டு குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஸ்டியரிக் அமிலம், வெள்ளைச் செதிலாக, மெழுகுவத்தித் துண்டு போல. அது உருக 69 டிகிரி வேண்டும். மற்றொன்றில் ஐசோஸ்டியரிக், இளம் மஞ்சளில், எண்ணெய் போல ஆடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் 18 கார்பன், இரண்டிலும் இரட்டைப் பிணைப்பு இல்லை. கிளை ஒன்று மட்டும்தான் வித்தியாசம். கிளை முளைத்த சங்கிலிகளால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை, அதனால் உறைவதில்லை. இரட்டைப் பிணைப்பு இல்லாததால் காற்றுப் பட்டுக் காறுவதும் எளிதில் நடக்காது. திரவமாகவும் இருக்க வேண்டும், கெடாமலும் இருக்க வேண்டும் என்று கேட்கும் உதட்டுச்சாயம், முகப்பூச்சு, உயர்தர மசகு எண்ணெய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒட்டுவதைக் குறைத்து கிளையை அதிகமாக்க, ஃபெரியரைட் என்ற ஜியோலைட்டை இப்போது பயன்படுத்துகிறார்கள். அதன் துளைகள் மிகக் குறுகல், இரண்டு சங்கிலி ஒட்ட உள்ளே இடமில்லை. களிமண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் தகடுகள் விரிந்து கொடுக்கும்.

எஸ்டர் செய்யவும் களிமண் ஆகுமா?

ஆகும். கொழுப்பு அமிலத்தோடு ஆல்கஹால் சேர்த்தால் எஸ்டரும் தண்ணீரும் வரும். மெத்தனால் சேர்த்தால் பயோடீசல். ஐசோபுரோப்பனால் சேர்த்தால் கை கால் பூச்சுகளில் சேர்க்கும் ஐசோபுரோப்பைல் பால்மிடேட். கே10 என்ற பெயரில் கடையில் கிடைக்கும் அமிலக் களிமண்ணை வைத்துப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இதைச் செய்து பார்ப்பார்கள்.

நம் ஊரில் இதற்குப் பொருத்தமான மூலப்பொருள் பிஎஃப்ஏடி. செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் நீராவியோடு பிரிந்து வருவது, அறைச் சூட்டில் இளம் பழுப்பில் உறைந்து நிற்கும். அதில் 100க்கு 80க்கு மேல் கட்டற்ற, அதாவது கிளிசரின் தண்டில் ஒட்டாத, கொழுப்பு அமிலம்தான். காரத்தை வினையூக்கியாகப் போட்டால் அது சவர்க்காரமாகிவிடும். அமிலக் களிமண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

சல்ஃபியூரிக் அமிலம் மலிவாயிற்றே. எதற்கு மண்?

வேகத்தில் சல்ஃபியூரிக் அமிலம் முன்னேதான் நிற்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வேலை முடிந்ததும் அதைக் காரம் போட்டு முறிக்க வேண்டும், கழுவ வேண்டும், உப்புக் கழிவு நீரை எங்கேயாவது அனுப்ப வேண்டும். எஃகுப் பாத்திரத்தை அது அரிக்கும், பொருளைக் கருக்கவும் செய்யும். மண்ணை வடிகட்டினால் போதும். வருடக் கணக்கில் கழிவு நீர் அளவைக் குறித்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் என் ஓட்டு மண்ணுக்குத்தான்.

தண்ணீர் நல்லதா, கெட்டதா? ஒரு பாடத்தில் ஒரு மாதிரி இருக்கிறது.

இதைக் கேட்ட மாணவியைப் பாராட்டினேன். இரண்டும் சரி. எஸ்டர் வினையில் 256 கிலோ பால்மிடிக் அமிலம் முழுவதும் மெத்தில் எஸ்டரானால் 18 கிலோ தண்ணீர் பிறக்கும். அது அங்கேயே நின்றால் வினையைப் பின்னோக்கித் தள்ளும், புரோட்டானையும் சூழ்ந்துகொண்டு பலமிழக்கச் செய்யும். அதனால் ஆல்கஹாலைக் கூடுதலாகப் போடுவார்கள், அல்லது தண்ணீரை வெளியே எடுத்துக்கொண்டே இருப்பார்கள். டைமர் வினையிலோ 240 டிகிரியில் மண் முழுக்கக் காய்ந்துபோனால் அதன் புரோட்டான் தன்மையே குறையும், கொழுப்பு அமிலமும் தன் அமில முனையை இழந்து சிதையத் தொடங்கும். அங்கே கொஞ்சம் நீராவி காவலாக நிற்க வேண்டும்.

நம் செம்பனை எண்ணெய் டைமருக்கு ஏற்றதா?

அப்படியே போட்டால் ஏற்றதல்ல. பாதிக்கு இரட்டைப் பிணைப்பே இல்லை. பால்மிடிக் அமிலம் கலத்துக்குள் போய், இடத்தை அடைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட போனபடியே வெளியே வரும். குளிர்நாடுகளில் பைன் மரக் காகித ஆலைகளின் துணைப்பொருளான டால் ஆயில் அமிலத்தை எடுக்கிறார்கள். அதில் ஒலீக்கும் லினோலெயிக்கும்தான் பெரும்பகுதி. நாம் முதலில் ஒலீக்கைப் பிரித்தெடுக்க வேண்டும். பால்மிடிக் 63 டிகிரியில் உருகும், ஒலீக் 13 டிகிரியை ஒட்டி. குளிரவைத்தால் ஒன்று உறைந்துவிடும், மற்றது வடியும். கேமரன் மலைக்குப் போனவர்கள் காலையில் சமையல் எண்ணெய்ப் போத்தலின் அடி வெள்ளையாகக் கலங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடப்பது ஏறத்தாழ அதுதான்.

பயன்படுத்திய மண்ணைத் திரும்பப் போடலாமா?

போடலாம் என்று கட்டுரைகளில் நான்கைந்து முறை காட்டுவார்கள். கரைப்பானில் கழுவி, சூட்டில் கரியை எரித்து, மறுபடி அமிலம் ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பலம் குறையும், 500 டிகிரிக்கு மேல் போனால் தகடுகளே குலையத் தொடங்கும். மண் மலிவு என்பதால் பல ஆலைகள் ஒரு தடவையோடு விட்டுவிடுகின்றன.

என் மனக்குறை இங்கேதான். வெளியே வரும் கேக்கின் எடையில் 100க்கு 20 முதல் 30 பங்கு வரை எண்ணெயோ அமிலமோ குடித்திருக்கும். அதை எடுக்காமல் போவது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆலையில் மழைக்காக ஓரமாகக் குவித்து வைத்த கேக் இரவில் புகைய ஆரம்பித்தது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. வடை சுட்ட பழைய எண்ணெய் வாடை வந்தது, குவியலுக்கு மேலே கை நீட்டினால் அனல் அடித்தது. இரட்டைப் பிணைப்புள்ள எண்ணெய் அவ்வளவு பெரிய பரப்பில் மெல்லிய படலமாகப் பரவிக் காற்றோடு வினை புரியும்போது சூடு பிறக்கும். குவியலின் நடுவிலிருந்து அது வெளியேற வழி இல்லை. அன்றைக்கு மண்வெட்டியால் பரப்பி, தண்ணீர் அடித்து அணைத்தோம். வடிகட்டியிலேயே நீராவியோ நைட்ரஜனோ ஊதி எண்ணெயை வாங்கிவிட வேண்டும். கேக்கை ஆறவைத்து, மூடி, உயரமாகக் குவிக்காமல் வைக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தூசி ஆபத்தா?

ஆமாம். பெண்டோனைட்டில் குவார்ட்ஸ் கலந்திருக்கலாம், அந்த நுண்தூள் நுரையீரலில் தங்கிவிடும். மூட்டை பிரிக்கிற தம்பிகள் துணியைக் கட்டிக்கொண்டு நிற்காமல் சரியான முகக்கவசம் போட வேண்டும்.

வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்க முடியுமா?

டைமர் வினை வேண்டவே வேண்டாம். 240 டிகிரியும் மூடிய கலமும் விளையாட்டல்ல. ஆனால் களிமண்ணின் பிடியைப் பள்ளி ஆய்வகத்தில் பார்க்கலாம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைகளில் முகத்துக்குப் பூச முல்தானி மிட்டி கிடைக்கும். பெரும்பாலும் இதே குடும்பத்து மண்தான். ஒரு குவளைத் தண்ணீரில் மெத்திலீன் நீலம் ஓரிரு சொட்டு, அப்புறம் ஒரு தேக்கரண்டி மண். கலக்கிவிட்டு அசையாமல் வைத்துவிடுங்கள். மெத்திலீன் நீலம் நேர்மின் அயனி, தகடுகள் எதிர்மின். சோடியம் நிற்கிற இடத்தில் நீலம் போய் உட்காரும்.

போன மாதம் வகுப்பில் செய்தோம். பாடம் முடிவதற்குள் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது, அடியில் நீல மண். உப்புத் தண்ணீர் ஊற்றினால் சோடியம் திரும்பப் போய் நீலத்தைத் துரத்துமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். ஊற்றிப் பார்த்தோம். கலக்கினோம், காத்திருந்தோம். தண்ணீர் மறுபடியும் தெளிந்தது, நீலம் மண்ணை விட்டு நகரவில்லை. ஏன் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.